துவரும் பற்றும்

தமிழில் துவர் என்னும் சொல் முதலில் ஒரு சுவையைக் குறிக்கிறது. கடுக்காயைக் கடித்தவுடன் நாக்கை இறுக்கிப் பிடிக்கும் அந்தச் சுவையே அறுசுவையுள் ஒன்றாக எண்ணப்படும் துவர்ப்பு. அதே சொல் செந்நிறத்துக்கும், அந்நிறம் ஊட்டப்பெற்ற துறவியர் உடைக்கும் பெயராக வழங்கியது. தேவாரத்தில் திருஞானசம்பந்தர் பௌத்தத் துறவியரைச் சுட்டும் இடங்கள் பலவற்றில் அவர்கள் போர்த்திருந்த துவராடையே அவர்களுக்கு அடையாளமாகிறது. வடமொழியிலும் இதே நிலைதான். கஷாயம் என்றால் துவர்ப்புச் சுவை என்றும், பட்டைகளையும் வேர்களையும் காய்ச்சி இறக்கிய நீர் என்றும் பொருள்படும். அத்தகைய நீரில் தோய்த்த துறவியுடை காஷாயம் எனப்பட்டது.

சுவைக்கும் நிறத்துக்கும் துறவுக்கும் ஒரே சொல் வழங்குவது தற்செயல் அன்று. பட்டையிலும் காயிலும் துவர்ப்பை உண்டாக்கும் பொருளை இன்றைய வேதியியல் டானின் என்று அழைக்கிறது. தோலைப் பதப்படுத்துவதும் அதுவே, நூலில் சாயம் நிலைக்க இடம் செய்து தருவதும் அதுவே. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் நீராட்டுக்குரிய பொருள்களுள் வரும் பத்துத் துவருக்கு உரை தரும் பட்டியலில் பூவந்தி, கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய், கருங்காலி, நாவல் ஆகியவற்றோடு ஆல், அரசு, அத்தி, இத்தி என்னும் நாற்பால் மரங்களும் அடங்குகின்றன. குளியலுக்கும் மருந்துக்கும் உதவிய இப்பொருள்களுள் கடுக்காயும் கருங்காலியும் சாயக்காரரின் கொட்டகையிலும் நீங்கா இடம் பெற்றவை.

சொற்களின் இந்த உறவு இன்னும் ஒரு படி ஆழமாகச் செல்கிறது. ஆசை என்னும் பொருளில் சமய நூல்கள் ஆளும் ராகம் என்னும் சொல், சாயம் தோய்த்தல் என்று பொருள்படும் ரஞ்ஜ் என்னும் வினையடியிலிருந்து பிறந்தது. ஆதலால் இன்று மன உறுதி என்ற பொருளில் பேச்சுவழக்கில் வழங்கும் வைராக்கியம், அதன் வேர்ப்பொருளில், சாயம் நீங்கிய நிலையையே குறிக்கும். தமிழோ வேறு வழியில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. சாயம் துணியில் பற்றியது என்று சொல்லும் வினையும், உலகின்மேல் உயிருக்கு உண்டாகும் பற்று என்னும் பெயரும் ஒரே அடியின. இந்நிலையில், நூலுக்குச் சாயம் ஏற்றும் தொழிலை உயிரின் கட்டுநிலைக்கு உவமையாக எடுத்த சமயங்கள் அவ்வுவமையை அலங்காரத்துக்காக மட்டும் கையாண்டனவா, அல்லது பானைக்குள் நடப்பதை அறிந்தே கையாண்டனவா என்று கேட்பது பொருத்தமுடையது. அக்கேள்விக்குள் வேறொரு கேள்வி அடங்கியிருக்கிறது: தன்னளவில் நிறமற்றது எனப்படும் உயிரில் உலகம் எவ்வாறு ஒட்டுகிறது, ஒட்டியது உயிரின் இயல்பா, இடையில் வந்து சேர்ந்ததா, இடையில் வந்தது என்றால், கழுவிய மாத்திரத்தில் அது ஏன் போய்விடுவதில்லை?

பானைக்குள் நடப்பது

இக்கேள்விக்குச் சமயங்கள் தந்த விடைகளை மதிப்பிடுவதற்கு முன் தொழிலின் அடிப்படையைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஆட்டிலிருந்து கத்தரித்த மயிரில் மண், வியர்வை உப்பு ஆகியவற்றோடு லனோலின் என்னும் கொழுப்பும் ஒட்டியிருக்கும். மெரினோ போன்ற மென்மயிர் இனங்களில் கத்தரித்த மயிரின் எடையில் ஏறத்தாழப் பாதி வரை இவ்வழுக்காகவே கழியக்கூடும். இக்கொழுப்பை மிதமான வெந்நீரில் சவுக்காரமிட்டு நீக்காமல் சாயநீரில் போட்டால் நீர் இழைக்குள் நுழையாது; நிறம் திட்டுத்திட்டாக ஏறும். பருத்தியிலும் இயற்கையான மெழுகு உண்டு. அதை நீக்க நூலைக் காரநீரில் வேகவைப்பார்கள். ஆனால் கம்பளிக்குக் கடுங்காரம் ஆகாது. அது இழையையே அரித்துவிடும்.

தூய்மை செய்த நூலைத் தாவரச் சாயநீரில் நேராகப் போட்டால் பெரும்பாலான சாயங்கள் மேலோட்டமாகவே ஏறி, இரண்டு மூன்று சலவையில் வெளுத்துவிடும். அதனால் சாயத்துக்கும் இழைக்கும் இடையே இரண்டையும் பிடித்துக்கொள்ளும் ஒரு பொருளை முதலில் ஏற்றுகிறார்கள். நிறத்தை இழையில் ஊன்றச் செய்வதால் இது நிறமூன்றி எனப்படும். வீட்டில் சாயம் போடுவோர் பெரும்பாலும் கையாள்வது படிகாரத்தை. 100 கிராம் கம்பளிக்கு 10 முதல் 15 கிராம் படிகாரத்தைக் கரைத்து, அந்நீரில் கம்பளியை இட்டு, மெல்லச் சூடேற்றி, கொதிநிலைக்குக் கீழேயே ஏறத்தாழ ஒரு மணி நேரம் வைத்திருப்பார்கள். திடீரென்று சூட்டை ஏற்றினாலோ, சூட்டில் அலசிப் பிசைந்தாலோ மயிரின் செதில்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கம்பளி இறுகிச் சுருங்கிவிடும். படிகாரத்தில் உள்ள அலுமினியம் ஒரு பக்கம் இழையையும் மறுபக்கம் சாயத்தையும் பற்றிக்கொள்ள, நீரில் கரையும் தன்மையுடைய சாயம் கரையாத சேர்மமாகி இழைக்குள் தங்குகிறது. அதே வெங்காயத் தோலை, அதே மாதுளைத் தோலை, படிகாரத்துக்குப் பதிலாக அன்னபேதி என்னும் இரும்பு உப்பு ஏற்றிய நூலோடு காய்ச்சினால் மஞ்சள் வருவதற்குப் பதிலாகக் கரும்பச்சையோ சாம்பலோ வரும். சாயம் ஒன்றே, இடைப்பொருள் மாற நிறமும் மாறுகிறது.

இழையின் பங்கும் சிறியதன்று. கம்பளி கெராட்டின் என்னும் புரதத்தாலானது. அதில் அமிலத்தையும் காரத்தையும் பற்றவல்ல தொகுதிகள் இயல்பாகவே அமைந்திருப்பதால் படிகாரத்தையும் சாயத்தையும் அது எளிதில் ஏற்கும். பருத்தியோ செல்லுலோசால் ஆனது. அதற்கு அந்த வசதி இல்லை. ஆகவே பருத்திக்கு முதலில் கடுக்காய் நீர் ஊட்டி, அந்தத் துவர்ப்பின்மேல் படிகாரம் ஏற்றி, அதற்கு மேல்தான் பெரும்பாலான சாயங்களை ஏற்ற முடியும். கம்பளியையும் பருத்தியையும் ஒரே பானையில் ஒன்றாகப் போட்டு எடுத்தால் முன்னது ஆழ்ந்த நிறத்தோடும் பின்னது வெளிறியும் வெளிவருவதற்குக் காரணம் இதுவே.

இடைப்பொருளின் ஆற்றலைச் சோழமண்டலக் கரையின் எழுதுதுணிகளைப் போல வேறெதுவும் தெளிவாகக் காட்டுவதில்லை. அக்கரையில் வாழ்ந்த பிரெஞ்சு இயேசு சபைத் துறவி கேர்டூ 1742இல் எழுதிய கடிதத்தில் இத்தொழிலைப் படிப்படியாக விவரித்திருக்கிறார். கடுக்காயும் எருமைப் பாலும் ஊட்டிய துணியில் சிவக்க வேண்டிய இடங்களில் மட்டும் படிகார நீரால் எழுதி, பிறகு இம்பூரல் எனப்படும் சாயவேர் காய்ச்சிய நீரில் துணி முழுவதையும் அமிழ்த்துவார்கள். எடுக்கும்போது துணியெங்கும் செம்மை படர்ந்திருக்கும். சாணநீரில் ஊறவைத்து, அலசி, வெயிலில் நனைத்து நனைத்துக் காயவைக்கும்போது படிகாரம் எழுதிய கொடியும் பூவும் சிவந்தபடியே நிற்க, எழுதாத இடமெல்லாம் வெள்ளையாகிவிடும். முழுத் துணியும் ஒரே சாயத்தில்தான் மூழ்கியது. பற்றியது பற்றுவதற்கு இடம் செய்திருந்த இடத்தில் மட்டுமே.

தூய துணி: பௌத்தர் விடை

பௌத்தத் துறவியர் தம் உடைக்குத் தாமே சாயமிட்டுக்கொள்ள வேண்டியவர்களாக இருந்ததால், அவர்களுடைய ஒழுக்க நூலாகிய வினயபிடகத்தில் இத்தொழில் வியப்பூட்டும் நுணுக்கத்தோடு பேசப்படுகிறது. அதன் மகாவக்கப் பகுதியில் சீவரம் என்னும் துறவியுடை பற்றிய இயல், துறவியர் முதலில் சாணத்தாலும் மஞ்சள் மண்ணாலும் சாயமிட்டதையும், அதனால் உடைகள் நிறம் கெட்டுக் கிடந்ததையும், அதன்பின் புத்தர் வேர், மரம், பட்டை, இலை, பூ, காய் என்னும் ஆறு வகைச் சாயங்களை அனுமதித்ததையும் கூறுகிறது. சாயம் காய்ந்து பதமாகிவிட்டதா என்று தெரியாதபோது அதில் ஒரு சொட்டை நீரிலோ நகத்தின் மேலோ விட்டுப் பார்க்கலாம். உலர்த்தும்போது சாயம் ஒரு பக்கமாக வடிந்து தேங்காதபடி துணியைத் திருப்பித் திருப்பிப் போட வேண்டும். சொட்டுவது நிற்கும் வரை அவ்விடத்தை விட்டு நகரக் கூடாது என்பன போன்ற விதிகள் அங்கு உள்ளன. இவை சாயப் பானையின் அருகில் நின்று பழகியவர்கள் வகுத்த விதிகள் என்பதில் ஐயமில்லை.

கம்பளியும் அந்நூலில் இடம்பெறுகிறது. துறவியர் சிலர் தம்மிடம் சேர்ந்த ஆட்டு மயிரைத் துவைத்து, சாயமிட்டு, சிக்கெடுத்துத் தருமாறு துறவுப் பெண்களிடம் ஒப்படைக்க, அவ்வேலையிலேயே பொழுது கழிந்ததால் அப்பெண்களின் ஓதலும் தியானமும் கெட்டன; புத்தரின் சிற்றன்னையும் துறவுப் பெண்களின் தலைவியுமாகிய மகாபிரஜாபதி கௌதமி இதைப் புத்தரிடம் தெரிவிக்க, உறவினரல்லாத துறவுப் பெண்ணிடம் அவ்வேலையை வாங்கும் துறவி அம்மயிரைத் துறந்து குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும் என்னும் விதி பிறந்தது. தன் பற்றுக்குரிய பொருளுக்கு மற்றொருவர் உழைக்க நேர்வதும் பற்றின் ஒரு முகமே என்பதை இவ்விதி உணர்த்துகிறது.

தொழிலை இவ்வளவு நெருக்கமாக அறிந்த மரபில் எழுந்த சாய உவமையை, புத்தரின் உரைத்தொகுப்பாகிய மச்சிம நிகாயத்தின் ஏழாவது சூத்திரமாகிய வத்தூபம சூத்திரத்தில் காணலாம். அழுக்கேறிய துணியைச் சாயக்காரர் நீலம், மஞ்சள், சிவப்பு, மஞ்சிட்டி என எந்தச் சாயத்தில் தோய்த்தாலும் நிறம் கெட்டே வரும். தூய துணியில் எந்தச் சாயமும் நன்றாக ஏறும். மனமும் அவ்வாறே என்று கூறும் அச்சூத்திரம் பேராசை, வெகுளி, வஞ்சம், செருக்கு முதலிய பதினாறு மாசுகளை எண்ணிக் காட்டுகிறது. இங்குக் கூர்ந்து நோக்க வேண்டியது, சாயம் ஏறுவது தீமையாகக் கருதப்படவில்லை என்பதே. அறம் என்னும் சாயம் ஏற வேண்டும்; ஏறுவதற்குத் துணி தூயதாக இருக்க வேண்டும். முதன்முறையாக அறத்தைக் கேட்டு உடனே தெளிவு பெற்றவர்களைச் சொல்லும்போதெல்லாம், கறையற்ற துணி சாயத்தை ஏற்றதைப் போல என்னும் உவமை பாலி நூல்களில் திரும்பத் திரும்ப வருகிறது. கொழுப்பு நீக்காத ஆட்டு மயிரைச் சாயநீரில் இட்டுப் பார்த்தவருக்கு இந்த உவமை விளக்கமின்றியே விளங்கும்.

சமணத்தோடு நடந்த விவாதத்திலும் இதே உவமை கருவியாகியது. நாளந்தாவில் சமணத் தலைவராகிய நிகண்டநாதபுத்தரைப் பின்பற்றிவந்த உபாலி என்னும் செல்வர் புத்தர் பக்கம் வந்தபின், தம் பழைய ஆசிரியரிடம் ஒரு கதை சொல்வதாக மச்சிம நிகாயம் கூறுகிறது. முதிய அந்தணர் ஒருவர், கருவுற்ற இளம் மனைவியின் விருப்பத்துக்காகக் குரங்குக் குட்டி ஒன்றை வாங்கி, அதற்குச் சாயமேற்றி, அடித்து, மெருகேற்றித் தருமாறு சாயக்காரரிடம் கொண்டு செல்கிறார். இந்தக் குட்டி சாயத்தைத் தாங்கும், அடியையும் மெருகையும் தாங்காது என்கிறார் சாயக்காரர். பின்னர் அந்தணர் புதுத்துணிகள் இரண்டைக் கொண்டுவர, அவை மூன்றையும் தாங்கும் என்கிறார். மேலே நிறம் ஏற்றுக்கொண்டு ஆராய்ச்சியின் அடியைத் தாங்காதது ஒரு கொள்கை, எல்லாவற்றையும் தாங்குவது மற்றொன்று என்பது உபாலியின் கருத்து. எதிர்ப்பக்கத்தாரை எள்ளும் கதை இது. எனினும் சாயத்தைப் பற்றி மிகக் கூர்மையாகச் சிந்தித்தவர்கள் அந்த எதிர்ப்பக்கத்தாரே என்பதைச் சமண நூல்கள் காட்டுகின்றன.

ஆலம்பட்டை: சமணர் விடை

சமணத்தில் வினை என்பது வெறும் செயலோ அதன் பயனோ அன்று; உயிரில் வந்து ஒட்டும் நுண்ணிய பருப்பொருள். மனம், மொழி, மெய் ஆகிய மூன்றும் அசையுந்தோறும் வினைத்துகள்கள் உயிரை நோக்கி ஊறி வருகின்றன. அவ்வாறு வருபவை ஒட்டி நிற்பதற்குத் தனியாக ஒரு காரணம் வேண்டும். அக்காரணங்களாகச் சமணர் எண்ணுபவை வெகுளி, செருக்கு, வஞ்சம், பேராசை என்னும் நான்கு. இந்நான்குக்கும் அவர்கள் இட்ட பொதுப்பெயர் கஷாயம். உமாஸ்வாதி இயற்றிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் இயலுக்கு உரை எழுதிய பூஜ்யபாதர், ஆல் முதலியவற்றின் துவர்நீர் ஒட்டுதலுக்குக் காரணமாவது போல வெகுளி முதலியவையும் உயிரில் வினை ஒட்டுவதற்குக் காரணமாவதால் அவையும் கஷாயம் எனப்பட்டன என்று விளக்குகிறார். பத்துத் துவரின் பட்டியலில் இருந்த அதே ஆல் இங்குத் தத்துவத்தின் கலைச்சொல்லாகிறது. பூஜ்யபாதரின் மாணவராகச் சொல்லப்படும் வஜ்ரநந்தியே மதுரையில் திராவிட சங்கத்தை நிறுவியவர் என்பது தேவசேனரின் தரிசனசாரம் தரும் செய்தியாதலால், இச்சிந்தனை தமிழகத்துக்கு அயலானதும் அன்று.

இவ்விளக்கம் எதைச் சாதிக்கிறது என்பதை எழுதுதுணியோடு வைத்துப் பார்த்தால் புலப்படும். துவர்நீர் தானே நிறமாக நிற்பதன்று. நிறத்தை நிற்கச் செய்வது. அதுபோல் ஆசையும் வெகுளியும் தாமே வினை ஆகமாட்டா. வினையைத் தங்கச் செய்பவை. அவை அற்றவரிடத்தும் உடல் இருக்கும் வரை அசைவு உண்டு, அசைவு உள்ள வரை வினை வருவதும் உண்டு. ஆனால் உலர்ந்த சுவரில் பட்ட உலர்ந்த தூசு போல அது ஒரு கணம் தொட்டு உதிர்ந்துவிடும் என்பர் சமணர். முழுத் துணியும் சாயத்தில் மூழ்கியிருந்தும் எழுதாத இடம் வெளுத்துப்போவதற்கும் இதற்கும் அமைப்பில் வேறுபாடு இல்லை. உலகத்தில் இருப்பது கட்டு ஆகாது. கட்டுக்கு வழி செய்வது முன்னரே ஏறியிருக்கும் துவர்.

பேராசையின் தரங்களைப் பிரிக்கும்போது சமணர் சாயங்களின் உறுதியையே அளவுகோலாக்கினர். 10ஆம் நூற்றாண்டின் இறுதியில், சிரவணபெளகொளாவோடு தொடர்புடைய சாமுண்டராயரின் ஆசிரியராக விளங்கிய நேமிசந்திரர் தம் கோம்மடசாரத்தில் பேராசைக்கு நான்கு உவமைகள் தருகிறார்: கிருமிராகம் எனப்படும் பூச்சிச் சாயத்தின் செம்மை, வண்டிச்சக்கரத்தின் மசகு, உடலழுக்கு, மஞ்சள் சாயம். முதலாவது நரகப் பிறப்புக்கும், அடுத்தடுத்தவை முறையே விலங்கு, மனிதர், தேவர் பிறப்புகளுக்கும் ஏதுவாகும் என்பது கொள்கை. கர்மகிரந்தம் என்னும் நூல்வகையில் இத்தரங்கள் நிலைக்கும் காலமும் கூறப்படுகிறது. முதல் தரம் வாழ்நாள் முழுவதும், அடுத்தது ஓராண்டு, அதற்கடுத்தது நான்கு மாதம், கடைசியானது ஒரு பட்சம், அதாவது பதினைந்து நாள்.

மஞ்சள் கடைசியில் வைக்கப்பட்டதன் பொருத்தத்தைத் தமிழ் வீடுகளில் விளக்கத் தேவையில்லை. மஞ்சள் நீரில் நனைத்த துணி முதல் நாளில் பளிச்சென்று இருந்து, வெயிலில் உலர்த்த உலர்த்த வெளுத்துப்போவதையும், தாலிச்சரட்டுக்கு அடிக்கடி மஞ்சள் பூச வேண்டியிருப்பதையும் எல்லாரும் அறிவர். மஞ்சளின் நிறப்பொருளாகிய குர்க்குமின் இடைப்பொருள் ஏதுமின்றி நூலில் ஏறக்கூடியது. வெளிச்சத்தைத் தாங்காமல் சிதைந்துவிடுவதும் அதன் இயல்பு. அரக்குப் போன்ற பூச்சிச் சாயங்களோ படிகாரத்தோடு கம்பளியிலும் பட்டிலும் ஏறினால் எளிதில் அகல்வதில்லை. எளிதில் வந்து எளிதில் போகும் ஆசைக்கு மஞ்சளையும், உயிரோடு ஊன்றிவிடும் ஆசைக்குப் பூச்சிச் சாயத்தையும் உவமித்தவர்கள், உவமைக்காக நிறங்களைத் தேடியவர்கள் அல்லர். நிறங்களின் நடத்தையைக் கண்டு தரம் பிரித்தவர்கள்.

படிகமும் களிம்பும்: வேதாந்தமும் சித்தாந்தமும்

அத்வைத வேதாந்தம் இவ்வழிகள் அனைத்தையும் மறுத்து, ஒட்டுதலே நிகழவில்லை என்கிறது. சங்கரர் பெயரால் வழங்கும் ஆத்மபோதத்தில், நீலத்துணியின் அருகில் வைத்த படிகம் நீலமாகத் தோன்றுவது போல, தூய ஆன்மா ஐந்து உறைகளின் சேர்க்கையால் அவற்றின் இயல்புடையது போலத் தோன்றுகிறது என்று கூறப்படுகிறது. படிகம் சாயத்தில் தோயவில்லை. துணியை அகற்றியவுடன் நீலமும் அகலும். இந்த உவமையில் விடுதலை எளிதாகிறது. ஆனால் வேறொரு சிக்கல் எழுகிறது. துணியை அகற்றிய மறுகணமே நீலம் போய்விடும் என்றால், பொருளை விட்டு ஆண்டுகள் பல ஆனபின்னும் பொருளின் நினைவு மனிதரை ஏன் பிடித்திருக்கிறது என்பதற்கு அங்கு நேரடியான விடை இல்லை. படிகத்துக்கு நினைவில்லை, நூலுக்கு உண்டு.

சைவ சித்தாந்தம் இச்சிக்கலை இரண்டு உவமைகளால் எதிர்கொள்கிறது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் பன்னிரண்டு சூத்திரங்களில் அருளிய சிவஞானபோதத்தை அடியொற்றிய இம்மரபு, உயிரின் சிறப்பியல்பைச் சார்ந்ததன் வண்ணமாதல் என்று குறிப்பிடுகிறது. எதைச் சார்கிறதோ அதன் தன்மையாகவே ஆகிவிடுவது என்பது இதன் பொருள். படிக உவமை இங்கும் வருகிறது. ஆனால் பல நிறங்களைப் பிரதிபலிக்கும் தன்மை படிகத்துக்கே உரியது, கருங்கல்லுக்கு இல்லை என்பதில் அழுத்தம் விழுகிறது. அதாவது ஏற்கும் ஆற்றல் ஏற்பதன் இயல்பு. ஒரே பானையில் கம்பளி ஆழ்ந்த நிறம் பெறப் பருத்தி வெளிறி நிற்பதைக் கண்டவருக்கு இவ்வழுத்தம் புரியும். இரண்டாவது உவமை செம்பும் களிம்பும். உயிரின் அறிவை மறைக்கும் மாசாகிய ஆணவ மலம் சாயம் போல ஒரு நாளில் வந்து ஏறியதன்று, செம்பில் களிம்பு போல என்றும் உடன் இருப்பது என்பது சித்தாந்தம். எந்நாளில், எதனால் முதல் பற்று உண்டாயிற்று என்னும் கேள்வியைச் சாய உவமையால் தீர்க்க முடியாது என்பதைச் சித்தாந்திகள் உணர்ந்திருந்ததையே இவ்வுவமை காட்டுகிறது.

இருந்தும் துணியை அவர்கள் கைவிட்டுவிடவில்லை. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் ஒரு வலுவான ஐயத்தை எதிர்கொள்கிறார்: மாயையும் ஒரு மலமே என்றால், மாயையால் ஆன உடலைக் கொடுத்து இறைவன் மலத்தை எவ்வாறு நீக்குவான்? அதற்கு அவர் காட்டுவது வண்ணாரின் தொழில். சாணமும் உவர்மண்ணும் தாமே அழுக்குகள். ஆனால் அவற்றைத் துணியில் சேர்த்தே துணியின் அழுக்கை வண்ணார் போக்குகிறார். சோழமண்டலத்தில் எழுதுதுணிகளைச் சாணநீரில் ஊறவைத்து வெளுத்த வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது கற்பனை உவமையாகத் தோன்றாது. உலக வாழ்வே உலகப் பற்றைக் கழுவும் உவர்மண் ஆகலாம் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்வது அரிது.

விடைகளை எடைபோடுதல்

இந்நான்கு விடைகளும் ஒரே செய்முறையின் வெவ்வேறு படிகளைப் பிடித்துக்கொண்டு பேசுகின்றன. பௌத்தம் இழையின் தூய்மையைப் பேசுகிறது. சமணம் இடைப்பொருளைப் பேசுகிறது. சித்தாந்தம் இழையின் ஏற்புத்தன்மையைப் பேசுகிறது. வேதாந்தம் சாயம் ஏறியதையே மறுக்கிறது. செய்முறையோடு மிக நெருங்கி நிற்பது சமண விடை. கட்டு என்பது சாயத்திலும் இல்லை, இழையிலும் இல்லை, இரண்டுக்கும் இடையே ஏற்பட்ட பிடிப்பில் இருக்கிறது என்பதை அது ஒன்றே தெளிவாகச் சொல்கிறது. உலகத்தைப் பழிப்பதால் பற்று நீங்காது என்பதும், உயிரைப் பழிப்பதால் நீங்காது என்பதும் இதிலிருந்து தாமே பெறப்படும்.

ஆயினும் அவ்விடைக்கு ஒரு தடையைக் காட்டாமல் விடுவது முறையாகாது. அவுரிக்கு நிறமூன்றி தேவையில்லை. அவுரியின் நீலம் நீரில் கரையாதது. புளிக்கவைத்த தொட்டியில் உயிர்வளி நீங்கிய நிலையில்தான் அது கரைந்து, மஞ்சட்பச்சை நீராக இழைக்குள் புகும். துணியை வெளியே எடுத்ததும் காற்றுப்பட்டு, பச்சையாக இருந்தது கண்ணெதிரே நீலமாக மாறி, மீண்டும் கரையாத பொருளாகி, இழையின் உள்ளேயே சிறைப்படும். இங்குத் துவர் இல்லை, ஆனாலும் நிறம் தங்குகிறது. வெகுளியோ ஆசையோ இன்றி வெறும் பழக்கமாக உள்ளே நுழைந்து, நுழைந்தபின் வேறொன்றாக மாறி, வந்த வழியே திரும்ப முடியாமல் தங்கிவிடும் எண்ணங்கள் மனித மனத்தில் உண்டு. வெகுளி முதலிய நான்கையும் அறுத்தவுடன் அவையும் உதிர்ந்துவிடும் என்று உறுதி கூறக் கஷாய உவமையால் இயலாது. மேலும், எந்தச் சாய உவமைக்கும் பொதுவான ஒரு குறை உண்டு: துணி தன்னைத் தானே பானையில் இடுவதில்லை, உயிர் இடுகிறது. அறிவுடைய பொருளுக்கு அறிவில்லாத பொருளை உவமித்தால் அறிவின் பங்கு உவமைக்கு வெளியே நின்றுவிடும் என்பதை ஒப்புக்கொண்டே இவ்வுவமைகளைப் படிக்க வேண்டும்.

இக்கொள்கைகளை அவற்றுக்குரிய துறவியரின் உடைகளோடு வைத்துப் பார்ப்பதும் பயன் தரும். உடைகள் தோன்றியதற்கு வரலாற்றுக் காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் பொருத்தம் கவனிக்கத்தக்கது. கட்டை முழுதும் அறுக்க வேண்டும் என்னும் சமணத்தில் திகம்பரத் துறவியர் துணியையே துறந்தனர்; சுவேதாம்பரர் சாயமேறாத வெண்துணியை ஏற்றனர். பௌத்தத் துறவியர் சாயத்தை ஏற்றனர். ஆனால் வினயத்துக்கு எழுந்த உரை, வேர்களுள் மஞ்சளையும், தண்டுகளுள் மஞ்சிட்டியையும், இலைகளுள் அவுரியையும், பூக்களுள் முருக்கையும் குசும்பாவையும் விலக்கி, கண்ணைப் பறிக்காத மங்கிய நிறங்களையே விட்டுவைத்தது. தாய்லாந்தின் வனத்துறவியர் இன்றும் பலாமரத்தின் வைரத்தைக் காய்ச்சி அத்தகைய நிறத்தைப் பெறுகின்றனர். சைவத் துறவியரின் காவியோ பெரும்பாலும் காவிக்கல்லின் நிறம். அது இழையோடு பிணையும் சாயம் அன்று, இழைமேல் படியும் மண். துவைக்கத் துவைக்கப் போகும், மீண்டும் மீண்டும் ஏற்றிக்கொள்ள வேண்டும். துறவு ஒருமுறை ஏற்று முடிந்துவிடும் நிறம் அன்று என்பதற்கு அதுவும் ஓர் அடையாளமே.

எனினும் உடையின் நிறத்தைக் கொண்டு உள்ளத்தின் பற்றை அளக்க முடியாது. துறவின் உடைக்கும் உள்ளத்தின் மாசுக்கும் ஒலியால் நெருங்கிய சொற்களைக் கொண்டு தம்மபதம் செய்யும் சொல்விளையாட்டு, மாசு நீங்காதவர் துவராடைக்குத் தகுதியற்றவர் என்று எச்சரிப்பது இதனாலேயே. பானையின் அருகில் நிற்பவருக்கு இவ்வெச்சரிக்கையின் காரணம் தெளிவாகத் தெரியும். படிகாரத்துக்கு நிறமில்லை. படிகாரம் ஏறிய வெள்ளை நூலும் ஏறாத வெள்ளை நூலும் கொடியில் அருகருகே உலரும்போது கண்ணுக்கு ஒன்றே. இரண்டும் சாயத்தில் இறங்கி, வெளியே வந்து, அலசப்படும்போதுதான் எது பற்றியது, எது பற்றவில்லை என்பது தெரியும்.